சிறகை விரிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் நீங்கள் வெளியிட்டிருந்த இலை வண்ணத்துப்பூச்சியின் படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீலச் சிறகுகளை முழுசாக விரித்துக்கொண்டு ஒரு சிவப்புப் பூவின் நட்ட நடுவில் உட்கார்ந்திருந்ததே, அதே படம்தான். பார்க்க அழகாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இந்த வண்ணத்துப்பூச்சியைக் காட்டில் தேடி, காத்திருந்து படம் எடுத்துப் பழகிய எவருக்கும் அந்தப் படத்தைப் பார்த்ததும் மனசில் ஒரு நெருடல் வந்திருக்கும், எனக்கும் வந்தது.

முதல் விஷயம், இந்த வகை வண்ணத்துப்பூச்சி பொதுவாகப் பூவைத் தேடிப் போவதில்லை. அழுகிய பழம், மரப்பட்டை வெடிப்பில் வடியும் சாறு, சில சமயம் ஈர மண், இவைதான் அதன் சாப்பாடு. அடுத்தது கால்கள். இது சேர்ந்த குடும்பத்தில் முன்னங்கால் இரண்டும் குறுகி நெஞ்சோடு ஒட்டிக்கிடக்கும், மீதி நான்கு கால்களால்தான் நிற்கும். உயிரோடு தெம்பாக இருக்கும் பூச்சியின் அந்த நான்கு கால்களும் உட்கார்ந்த இடத்தை அழுத்திப் பிடித்திருக்கும். உங்கள் படத்தில் கால்கள் இதழ்மேல் சும்மா கிடக்கின்றன, உணர்கொம்புகளும் துவண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. எடுத்தவர் யார் என்றும் எனக்குத் தெரியாது, அவர்மேல் குற்றம் சுமத்துவது என் நோக்கமும் இல்லை. ஆனால் வலையில் பிடித்து, டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜிலோ ஐஸ் பெட்டியிலோ வைத்து, மரத்துப்போனதும் எடுத்து ஒரு பூமேல் பொருத்திப் படம் எடுக்கிற பழக்கம் இருக்கிறது என்பது இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படி எடுத்தவை காட்டில் எடுத்தவை என்ற பெயரில் உலவுகின்றன, பாராட்டு வாங்குகின்றன. புதிதாக கேமரா வாங்கியவர் அவற்றைப் பார்த்துவிட்டு, தனக்கு மட்டும் ஏன் இப்படி அமையவில்லை என்று குழம்புகிறார், அப்புறம் யாராவது அந்தக் குறுக்குவழியை அவருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

சிறகு விரித்த படம் மட்டும்தான் நல்ல படம் என்று நாமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம், இத்தனைக்கும் காரணம் அதுதான். இந்த ஒரு வண்ணத்துப்பூச்சியின் விஷயத்தில் அந்த முடிவு முழுக்கத் தப்பு என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதைப் பார்த்திராத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்லிமா என்ற பேரினத்தைச் சேர்ந்த வண்ணத்துப்பூச்சிகள் இவை. வெப்பமண்டல ஆசியா முழுக்க இதன் உறவினங்கள் பரவியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது கல்லிமா ஹார்ஸ்ஃபீல்டி. இலங்கைக் காடுகளில் கல்லிமா ஃபிலார்க்கஸ். இமயமலை அடிவாரத்தில் தொடங்கி தென்கிழக்கு ஆசியா, சீனா வரை கல்லிமா இனாக்கஸ். ஜாவா, சுமத்ரா பக்கம் கல்லிமா பாராலெக்டா. இனாக்கஸின் முன்சிறகில் ஆரஞ்சு நிறத்தில் அகலமான பட்டை ஓடும், நம் மலைகளில் இருப்பதற்கு அந்த இடத்தில் வெளிறிய நீலப் பட்டை. இதெல்லாம் சிறகின் மேல்பக்கம். சிறகை மூடிவிட்டால் மேலே சொன்ன நிறத்தில் ஒரு துளிகூட வெளியே தெரியாது. அடிப்பக்கம் முழுக்கக் காய்ந்த இலை. முன்சிறகின் நுனி இலையின் கூரிய முனையாகிவிடும், பின்சிறகின் வால் போன்ற நீட்சி காம்பாகிவிடும், இரண்டுக்கும் நடுவே நடுநரம்பு போல ஒரு கோடு, அதிலிருந்து பக்க நரம்புகள், பூஞ்சை பிடித்த மாதிரி கரும்புள்ளிகள், பூச்சி அரித்து ஓட்டை விழுந்த மாதிரி சின்னதாக ஒளி ஊடுருவும் திட்டுகள்.

அந்த நடுநரம்புக் கோட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதமே அதில்தான் இருக்கிறது. அது ஒரே சிறகில் இருக்கும் கோடு இல்லை. பாதி முன்சிறகில், மீதி பின்சிறகில். பூச்சி தானாக, இயல்பாகச் சிறகுகளை மூடி ஒன்றோடு ஒன்று பொருத்தி வைக்கும்போதுதான் இரண்டு துண்டும் ஒரே கோடாகச் சேரும். குளிரில் விறைத்ததைக் கையால் மடக்கி வைத்தால் முன்சிறகு சற்று மேலேயோ கீழேயோ நகர்ந்துவிடும், கோடு உடைந்துவிடும், இலை போய்விடும். அந்த ஓவியம் முழுமை பெறுவது அது உயிரோடு, தன் விருப்பப்படி உட்காரும் அந்த நிலையில் மட்டும்தான். அதை நாம் செய்துவைக்க முடியாது, அதுவாகச் செய்யும்போது நாம் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1861 நவம்பர் முதல் 1862 ஜனவரி வரை சுமத்ராவில் இருந்தபோது கல்லிமா பாராலெக்டாவோடு பட்ட பாட்டை எழுதிவைத்திருக்கிறார். வேகமாகப் பறந்து போய் ஒரு புதருக்குள் இறங்கும், இறங்கிய இடத்தை அவர் கண்ணால் குறித்துக்கொண்டு மெதுவாகக் கிட்டே போவார், அங்கே காய்ந்த இலைகளைத் தவிர எதுவும் இருக்காது, சட்டென்று அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே கிளம்பிப் போகும். அவர் கவனித்த இன்னொன்றுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஐம்பது பூச்சிகளை எடுத்து வைத்தாலும் அடிப்பக்கத்தில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது என்றார். சாம்பல், பழுப்பு, காவி என்று நிறங்கள் மாறும், கறைகள் மாறும், ஆனால் எல்லாமே ஏதோ ஒரு நிலையில் இருக்கும் காய்ந்த இலைகள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மேல்பக்கத்தை எடுத்தால் இனம் எது என்று தெரியும். அடிப்பக்கத்தை எடுத்தால்தான் இந்தக் குறிப்பிட்ட பூச்சி எப்படி இருக்கிறது என்று தெரியும். அதனால் மூடிய சிறகின் படம் ஒவ்வொன்றும் புதுப் படம். நாமோ அதைத்தான் "சருகு மாதிரி இருக்கு, ஒண்ணும் தெரியல" என்று அழித்துவிடுகிறோம்.

இந்தச் சருகுத் தோற்றம் எப்படி வந்தது என்ற கேள்வி ஆராய்ச்சியாளர்களை வெகுகாலம் குடைந்துகொண்டிருந்தது. ஒரேயடியாக வந்திருக்க வேண்டும், அரைகுறை இலையாக இருந்தால் என்ன பயன் என்று ஒரு தரப்பு கேட்டது. ஜப்பானிய ஆய்வாளர்கள் கல்லிமாவையும் அதன் உறவினங்களையும் எடுத்து, சிறகின் அடிப்பக்க வடிவங்களைத் துண்டு துண்டாக ஒப்பிட்டு, இது படிப்படியாகத்தான் உருவானது என்று 2014இல் காட்டினார்கள். அப்புறம் 2022இல் இன்னொரு ஆய்வு, ஒரே இனத்துக்குள் இத்தனை விதமான இலை வடிவங்கள் வருவதற்குப் பின்னால் கார்ட்டெக்ஸ் என்ற மரபணு இருப்பதைக் கண்டுபிடித்தது. ஏன் இத்தனை விதம் தேவை என்பதைப் பறவையின் இடத்திலிருந்து பார்த்தால் ஓரளவு புரியும். எல்லாப் பூச்சியும் ஒரே மாதிரி சருகாக இருந்தால் அந்த ஒரு சருகைப் பறவை பழகிக்கொள்ளும். ஆளுக்கொரு சருகாக இருந்தால் பழகுவது கஷ்டம். இதெல்லாம் அடிப்பக்கத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு. பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் நம்மில் ஒருவர் காட்டில் எடுத்த, தேதியோடும் மாதத்தோடும் கூடிய ஒரு மூடிய சிறகுப் படம்கூட இந்த வேலைக்கு உதவும். மழைக்காலத்தில் வளர்ந்து வரும் பூச்சியும் வறண்ட காலத்தில் வரும் பூச்சியும் தோற்றத்தில் வேறுபடும் என்பதால் மாதம் என்பது வெறும் தகவல் இல்லை, படத்தில் பாதி அதுதான். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்த படத்தில் இந்த எதுவும் மிஞ்சாது. எங்கே உட்கார்ந்தது, எந்தப் பக்கம் தலையை வைத்தது, என்ன சாப்பிட்டது, சுற்றி என்ன மரம், எதுவுமே.

தலையை வைக்கும் பக்கம் என்றேனே, அதில் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய படங்களிலும் அருங்காட்சியகப் பெட்டிகளிலும் இதை ஒரு குச்சியில், தலை மேலே இருக்க, வால் நுனி குச்சியைத் தொட, இலை முளைத்த மாதிரியே வைத்திருப்பார்கள். காட்டில் நான் பார்த்ததும், மற்றவர்கள் எடுத்த படங்களில் பார்த்ததும் பெரும்பாலும் வேறு. மரத்தண்டில் தலைகீழாக உட்கார்ந்திருக்கும். தலையைக் கீழே வைத்துக்கொண்டு பட்டையோடு பட்டையாக. குச்சியில் பொருத்தி எடுத்தவர் தான் ஏற்கெனவே மனசில் வைத்திருந்த படத்தைத்தான் எடுக்கிறார், பூச்சியை எடுக்கவில்லை.

சரி, அப்படியானால் எப்படித்தான் எடுப்பது என்று கேட்பீர்கள். பறக்கும்போது இதைத் துரத்தாதீர்கள், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பறக்கும்போது நீலம் பளிச்சென்று தெரியும், உட்கார்ந்ததும் அந்த நீலம் இல்லாமல் போய்விடும், கண்ணோ இன்னும் நீலத்தையே தேடிக்கொண்டிருக்கும். பறவையையும் அது இப்படித்தான் ஏமாற்றுகிறது. அதனால் நீலம் மறைந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், கேமராவைக்கூடத் தூக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் நிற்பது நல்லது. காற்றில் எல்லா இலையும் ஆடும்போது ஆடாமல் இருக்கும் இலை, அல்லது மற்றவை அசையாதபோது லேசாகச் சரியும் இலை, அதைக் கண் தானாகக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த பிறகும் அவசரம் வேண்டாம். ஒரு படம் தூரத்திலிருந்தே எடுத்துக்கொண்டு, ஓர் அடி, அப்புறம் நின்று இன்னொரு படம், இப்படிப் போகலாம். நிழல் அதன்மேல் விழக்கூடாது. கையைத் திடீரென்று உயர்த்தக்கூடாது. காலடியில் சருகு நொறுங்கும் சத்தத்தைவிட நம் அசைவுதான் அதை அதிகம் கிளப்பிவிடுகிறது என்பது என் அனுபவம்.

இதைவிட நல்ல வழி, சாறு வடியும் மரத்தையோ விழுந்து அழுகும் காட்டுப் பழங்களையோ கண்டுபிடித்து அங்கே காத்திருப்பது. உறிஞ்சுகுழலை இறக்கிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டால் வேறு பூச்சியா என்று நினைக்கும் அளவுக்கு அமைதியாகிவிடும், மிக நெருக்கத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸோடு பக்கத்தில் போகவும் விடும். வேறு ஒரு வண்டோ ஈயோ இடிக்கும்போது சட்டென்று சிறகைத் திறந்து மூடும். அந்த ஒரு நொடியில் உள்ளே இருக்கும் நீலம் தெரியும் பாருங்கள், நாமாக விரித்து வைத்து எடுத்த எந்தப் படத்திலும் அந்தச் சந்தோஷம் கிடைக்காது. விரித்த சிறகு வேண்டும் என்பவர்கள் காலை நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வண்ணத்துப்பூச்சிகளின் உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும், பறக்கும் தசைகள் வேலை செய்ய நல்ல சூடு தேவை, அதனால் குளிர்ந்த இரவுக்குப் பிறகு முதல் வெயில் விழும் இலையில் சிறகை விரித்துக் காயும். குளிரில் மரத்துப்போனதை வைத்து நாம் செய்ய நினைக்கிற வேலையை வெயில் அதுவாகவே செய்துகொடுக்கும், பூச்சிக்கு ஒரு கெடுதலும் இல்லாமல்.

கேமரா பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூடிய சிறகை எடுக்கும்போது சென்சாரும் சிறகும் இணையாக இருந்தால் போதும், லென்ஸின் துளை அளவை எஃப் 8இல் வைத்தாலே நுனியிலிருந்து வால் வரை ஃபோகஸில் வந்துவிடும். கோணம் கொஞ்சம் திரும்பினால் ஒரு பக்கம் கலங்கிவிடும். காட்டு நிழலில் வெளிச்சம் குறைவு, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றுவதற்குத் தயங்க வேண்டியதில்லை, கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை. நேரடி ஃப்ளாஷ் மட்டும் வேண்டாம் என்பேன், பழுப்பின் நூறு சாயல்களையும் அது தட்டையாக்கிவிடும். பக்கவாட்டில் வரும் மங்கிய வெளிச்சத்தில்தான் அந்த நரம்புகள் எழுந்து தெரியும். மொபைலில்கூட அருமையான படம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், அது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. இன்னொன்று, நெருக்கமாக எடுத்த பிறகு இரண்டு அடி பின்னால் வந்து, மரமும் சுற்றியிருக்கும் சருகும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். இந்தப் பூச்சியின் முழுக் கதையும் அந்தப் படத்தில்தான் இருக்கும்.

பிடித்துக் குளிரூட்டுவதால் என்ன ஆகிவிடப்போகிறது, கடைசியில் விட்டுவிடுகிறோமே என்று சொல்பவர்கள் உண்டு. சிறகில் இருப்பது செதில்கள். விரல் பட்டால் உதிரும். உதிர்ந்தால் திரும்ப முளைக்காது. கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்த பிறகு வண்ணத்துப்பூச்சிக்குச் சிறகைச் சரிசெய்துகொள்ள வழியே கிடையாது. கல்லிமாவின் அடிப்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் செதில் போனால், அந்த இடத்தில் இலை இல்லை, தெளிவாகத் தெரியும் ஒரு பூச்சி இருக்கிறது. மறைந்துகொள்வதையே பாதுகாப்பாக வைத்திருக்கும் ஓர் உயிரின் பாதுகாப்பை நாம் அழித்துவிடுகிறோம். மரத்த நிலையில் விட்டுவிட்டு வந்தால் சூடேறும் வரை அதனால் பறக்க முடியாது, எறும்புக்கும் ஓணானுக்கும் எடுத்துவைத்த உணவாகக் கிடக்கும். சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் அனுமதியில்லாமல் பிடிப்பதே குற்றம் என்பது தனி. இலங்கையின் யால தேசியப் பூங்காவில் வண்ணத்துப்பூச்சிகளையும் மற்ற பூச்சிகளையும் பிடித்து ஜாடிகளில் சேர்த்த இரண்டு வெளிநாட்டுப் பயணிகளுக்கு 2024இல் நீதிமன்றம் 6 கோடி இலங்கை ரூபாய் அபராதம் விதித்தது. அவர்கள் படம் எடுக்கப் போனவர்கள் இல்லை, சேகரிக்கப் போனவர்கள், இரண்டும் ஒன்றில்லை என்பது தெரியும். ஆனாலும் படத்துக்காகத்தான் பிடித்தேன் என்று சொன்னால் சட்டம் விட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை யோசிக்கட்டும்.

இடத்தைச் சொல்வதிலும் கவனம் வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஓடைக்கரையை, குறிப்பிட்ட மரத்தைப் படத்தோடு சேர்த்து வெளியிட்டால் அடுத்த வாரமே அங்கே கூட்டம் கூடும். இந்த வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் உண்பது குறிஞ்சி இனத்துச் செடிகளை. காட்டின் அடித்தளத்தில், நாம் நின்று படம் எடுக்கிற அதே இடத்தில், முழங்கால் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும் வளர்பவை. நல்ல கோணம் வேண்டும் என்று நாலு பேர் மிதித்தால் அடுத்த தலைமுறையின் சாப்பாடு போய்விடும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை ஒடித்துவிட்டுப் படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தக் கிளையில் முட்டை இருந்ததா என்று திருப்பிப் பார்த்தவரைப் பார்த்ததில்லை. படங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தைச் சுமார் 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் மங்கலாகக் காட்டும் ஏற்பாடு இருக்கிறது, வேண்டுமென்றால் நாமே எந்த இனத்துக்கும் அப்படி மறைத்துக்கொள்ளலாம். ஆராய்ச்சிக்குத் தேவையான விவரமும் சேர்கிறது, மரத்தடியில் கூட்டமும் சேர்வதில்லை. பத்திரிகையில் மலைத்தொடரின் பெயரும் மாதமும் போட்டாலே வாசகருக்குப் போதும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வண்ணத்துப்பூச்சிப் படங்கள் வரும்போது, காட்டில் இருந்தபடியே எடுத்ததா, பிடித்தோ வளர்த்தோ எடுத்ததா என்று அனுப்புபவரிடம் ஒரு வரி கேளுங்கள். வளர்த்து எடுத்த படத்தையும் போடலாம், தப்பில்லை, அப்படி என்று கீழே எழுதிவிடுங்கள். எடுத்த மாதத்தையும் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் படத்தின் கீழே அச்சிடுங்கள். சந்தேகம் வந்தால் பூச்சியியல் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடலாம், கால்களையும் உணர்கொம்புகளையும் பார்த்தே நிறையச் சொல்லிவிடுவார்கள். அடுத்து எப்போதாவது இலை வண்ணத்துப்பூச்சியைப் போடுவதாக இருந்தால் மூடிய சிறகுப் படத்தைப் பெரிதாகவும் விரித்த சிறகுப் படத்தைப் பக்கத்தில் சின்னதாகவும் போட்டுப் பாருங்கள். பெரிய படத்தில் பூச்சி எங்கே இருக்கிறது என்று குழந்தைகள் தேடட்டும், உடனே கண்டுபிடிக்கும்படி அம்புக்குறி எதுவும் போட வேண்டாம். என்னிடமும் சில படங்கள் இருக்கின்றன, எல்லாம் மரத்தில் அது தானாக உட்கார்ந்தபோது எடுத்தவை. தேவைப்பட்டால் மாத விவரத்தோடு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்